பரிசு கொடுத்தவர் பெயர் இருக்கிறது, கோல் கணக்கு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் வேலூர் பதிப்பில், மாவட்ட அளவிலான கால்பந்துப் போட்டி முடிந்த செய்தி படித்தேன். தொடங்கி வைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர்கள், கோப்பை வழங்கியவர், நன்றி கூறியவர் என்று பதினோரு பெயர்கள் இருந்தன. ஜெயித்த அணியின் பெயர் கடைசி வரியில் வந்தது. தோற்ற அணி எது, எத்தனைக்கு எத்தனை, கோல் போட்ட பையன் யார் என்று தேடினேன். எங்கும் இல்லை.

நான் ராணிப்பேட்டைக்காரன். தோல் கம்பெனியில் 36 ஆண்டுகள் தோலைத் தரம் பிரிக்கும் வேலை பார்த்து 2010-இல் ஓய்வு பெற்றேன். எங்கள் பாஷையில் அதற்கு அசார்ட்டிங் என்று பெயர். இளவயதில் தோல் கம்பெனித் தொழிலாளர்கள் சேர்ந்து நடத்திய கால்பந்து அணியில் ஒன்பது வருடம் ஆடினேன். இந்தக் கடிதத்தை எழுத வைத்தது ஓய்வுபெற்ற வருடம் நான் வேறொரு ஊரில் பார்த்த ஒரு நோட்டுப்புத்தகம். அதைச் சொல்லிவிட்டு என் கோரிக்கைக்கு வருகிறேன்.

என் இளைய மகள் நர்ஸ். அப்போது அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் கிரீன் பே என்ற ஊரில் இருந்தாள். 2010 செப்டம்பரில் நானும் என் மனைவியும் போய் ஆறு மாதம் தங்கினோம். ஒரு லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் சின்ன ஊர். காகித ஆலைகள் உள்ள ஊர். அந்த ஊருக்கு ஓர் அமெரிக்கக் கால்பந்து அணி உண்டு, பெயர் பேக்கர்ஸ் (நம் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் பிடித்து ஓடும் ஆட்டம்). நியூயார்க், சிகாகோ, டல்லாஸ் என்று பெரிய நகரங்களின் அணிகள் ஆடுகிற லீக்கில் அதிகப் பட்டம் வாங்கியது இந்தச் சின்ன ஊர் அணிதான். மொத்தம் 13.

பக்கத்து வீட்டில் காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். மகள் வேலைக்குப் போய்விட்டால் எனக்குப் பேச்சுத் துணை அவர்தான். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஏற்றுமதிக்கு வந்த பையர்களிடம் பேசிப் பழகிய இங்கிலீஷ். அது போதுமானதாக இருந்தது. ஒருநாள் அவர் அலமாரியிலிருந்து தடித்த அட்டை போட்ட நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். அவர் அப்பா ஆரம்பித்தது, பிறகு இவர் எழுதி வந்தது. ஒரு வருடத்துக்கு ஒரு வரி. ஆண்டு, வெற்றி, தோல்வி, சமன், பயிற்சியாளர் பெயர், கடைசியில் ஒரு குறிப்பு. அப்பாவின் எழுத்து சாய்ந்து நிற்கும், மகனின் எழுத்து நிமிர்ந்து நிற்கும். 1919 முதல் ஒரு வருடம்கூட விடுபடவில்லை.

அந்த முதல் வரியைத் தாங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 1919 ஆகஸ்ட் 11 அன்று அந்த அணி பிறந்த இடம் ஒரு பத்திரிகை அலுவலகம். கிரீன் பே பிரஸ் கெசட் நாளிதழின் விளையாட்டுப் பிரிவு ஆசிரியர் ஜார்ஜ் கால்ஹூனும், கர்லி லாம்போ என்ற இளைஞரும் ஊர்ப் பையன்களைக் கூட்டிவைத்துப் பேசி அணியை அமைத்தார்கள். லாம்போ இந்தியன் பேக்கிங் கம்பெனி என்ற இறைச்சி கம்பெனியில் குமாஸ்தா. சட்டைக்கு 500 டாலர் கொடுத்தது அந்தக் கம்பெனி, அதனால்தான் பேக்கர்ஸ் என்று பெயர். மைதானத்துக்கு வேலி கிடையாது, டிக்கெட் கிடையாது. கால்ஹூன் கூட்டத்துக்குள் தொப்பியை நீட்டிக் காசு வசூலித்தார். முதல் வருடம் பத்து ஆட்டம் ஜெயித்து, கடைசி ஆட்டத்தில் பெலாய்ட் என்ற ஊரிடம் 6-க்கு 0 என்று தோற்றார்கள். நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. தோற்ற அந்த ஆறு புள்ளி இன்றைக்கும் இருக்கிறது.

1921-இல் தேசிய லீக்கில் சேர்ந்தார்கள். கல்லூரி மாணவர்களைப் பொய்ப் பெயரில் ஆட வைத்ததற்காக அந்த வருட ஆட்டங்கள் முடிந்ததும் வெளியேற்றப்பட்டார்கள், லாம்போ பணம் திரட்டி மறுபடி சேர்த்தார். 1922-இல் மழை பெய்து ஆட்டம் பார்க்க ஆள் வராமல் கடன் ஏறியது. 1923-இல் ஊர்க்காரர்கள் கூடி, பங்கு ஒன்று ஐந்து டாலர் என்று விற்று அணியை ஊர்ச் சொத்தாக்கினார்கள். முதல் தலைவர் யார் தெரியுமா? அதே நாளிதழின் ஆண்ட்ரூ டர்ன்புல். பங்குக்கு லாபம் தரமாட்டார்கள். எப்போதாவது அணியைக் கலைத்தால் வரும் பணம், போர் வீரர்களுக்கு நினைவிடம் கட்டுவதற்காக அந்த ஊர் முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துக்குப் போக வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். அதைக் கேட்டதும் எனக்கு நம் கம்மவான்பேட்டை ஞாபகம் வந்தது. வீட்டுக்கு ஒருவரைப் பட்டாளத்துக்கு அனுப்பிய ஊரில் இப்படி ஒரு யோசனை சொன்னால் யார் கை கொடுக்க மாட்டார்கள்? இப்போது அந்த அணிக்கு ஐந்து லட்சத்துக்கு மேல் பங்குதாரர்கள். பெரியவர் வீட்டுச் சுவரில் அவர் அப்பா 1950-இல் 25 டாலருக்கு வாங்கிய பங்குப் பத்திரம் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது.

1929, 1930, 1931 என்று மூன்று வருடம் தொடர்ச்சியாகப் பட்டம். 1929-இல் ஒரு தோல்விகூட இல்லை, 12 வெற்றி, ஒரு சமன். 1932 வரியை அவர் அப்பா சிவப்பு மையில் எழுதியிருந்தார். அந்த வருடம் பேக்கர்ஸ் 10 வெற்றி, 3 தோல்வி, 1 சமன். சிகாகோ பேர்ஸ் 7 வெற்றி, 1 தோல்வி, 6 சமன். சமனான ஆட்டங்களைக் கணக்கிலேயே சேர்க்காத காலம், அதனால் சதவீதம் சிகாகோவுக்குச் சாதகமாகி, பட்டம் அங்கே போய்விட்டது. சமனுக்குப் பாதி வெற்றி என்று கணக்கிடும் இன்றைய முறையில் கூட்டிப் பார்த்தால் பேக்கர்ஸ்தான் மேலே. நான் பென்சிலால் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. எண்கள் எழுதி வைத்திருந்ததால்தானே எண்பது வருடம் கழித்து ராணிப்பேட்டையிலிருந்து போன ஒருவன் அந்த அநியாயத்தைக் கண்டுகொள்ள முடிந்தது!

1935-இல் டான் ஹட்சன் வந்தார். பந்தை ஓடிப் பிடிப்பவர். 1942-இல் 74 முறை பிடித்து 1,211 கெஜம் போனார். அவர் இருந்தபோது 1936, 1939, 1944 ஆண்டுகளில் பட்டம். அதற்குப் பிறகு இறங்குமுகம். 1949-இல் இரண்டு வெற்றி, பத்துத் தோல்வி. கையில் காசு இல்லாமல், நன்றி கூறும் நாளன்று தங்களுக்குள்ளேயே இரண்டு பிரிவாக ஆடிக் காட்டி நிதி திரட்டினார்கள். 1958-இல் ஒரே வெற்றி, பத்துத் தோல்வி, ஒரு சமன்.

அந்த 1958 வரியில் என் விரல் நின்றுவிட்டது. அப்பாவின் எழுத்துதான். மற்ற வரிகளின் அதே அளவு, அதே சாய்வு. குறிப்புக் கட்டத்தில் அந்த ஒரே வெற்றி எந்த அணியோடு என்று எழுதி, கீழே, 'எல்லா ஆட்டத்துக்கும் போனேன்' என்று இருந்தது. பெரியவர் படித்துக் காட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அடுத்த வருடம் வின்ஸ் லோம்பார்டி பயிற்சியாளராக வந்தார். அதே ஆட்டக்காரர்கள்தான் பெரும்பாலும். 1959-இல் 7 வெற்றி, 5 தோல்வி. 1960-இல் பட்டத்துக்கான ஆட்டம் வரை போய் ஃபிலடெல்பியாவிடம் 17-13 என்று தோல்வி. 1961-இல் நியூயார்க் ஜயன்ட்ஸை 37-0 என்று ஜெயித்துப் பட்டம். 1962-இல் 13 வெற்றி, ஒரே தோல்வி, மறுபடி பட்டம். 1965, 1966, 1967 தொடர்ந்து மூன்று. இறுதிப் பெரும் ஆட்டமான சூப்பர் பவுல் தொடங்கியபோது முதல் இரண்டும் இவர்களுக்கே. 1970-இல் லோம்பார்டி இறந்த பிறகு சூப்பர் பவுல் கோப்பைக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள்.

1967-இன் கடைசி நாள் ஆட்டத்தைப் பற்றி மட்டும் பெரியவர் ஒரு மதியம் முழுக்கப் பேசினார், அவர் அங்கே இருந்தார். டிசம்பர் 31, டல்லாஸ் கவ்பாய்ஸ் அணியோடு. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரி செல்சியஸ். மைதானத்துக்கு அடியில் பதித்திருந்த சூடேற்றும் கம்பிகள் வேலை செய்யாமல் தரை பாறையாகிவிட்டது. நடுவர்களின் விசில் உதட்டில் ஒட்டிக்கொண்டது. டல்லாஸ் 17-14 என்று முன்னிலை. 16 விநாடி பாக்கி, கோட்டுக்கு இரண்டடி தூரம், ஆட்டத்தை நிறுத்திக் கேட்கும் உரிமையும் தீர்ந்துவிட்டது. பந்தை இன்னொருவருக்குக் கொடுத்தால் சறுக்கிவிடுவார் என்று குவார்ட்டர்பேக், அதாவது அணியின் ஆட்டத்தை நடத்துபவர், பார்ட் ஸ்டார் தானே வைத்துக்கொண்டு, ஜெர்ரி கிரேமர் முட்டித் திறந்த இடுக்கில் விழுந்தார். 21-17. சித்திரையில் ஆற்று மணலில் வெறுங்காலோடு ஆடிய எங்களுக்குக் கால் பொத்துப்போகும் சூடு தெரியும், அந்தக் குளிரை எனக்கு நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. அதே மைதானத்தின் வெளியே டிசம்பரில் நின்றபோதுதான் கொஞ்சம் புரிந்தது. இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் மருமகனின் கோட்டைப் போட்டும் தாடை நடுங்கியது.

பிறகு வரும் 24 வருடம், 1968 முதல் 1991 வரை, நோட்டில் மொத்தம் இரண்டே முறைதான் பிளேஆஃப் (லீக் ஆட்டங்களுக்குப் பின் பட்டத்துக்காக நடக்கும் சுற்று) என்ற சொல் வருகிறது, 1972-இலும் 1982-இலும். ஆட்டக்காரராக ஐந்து பட்டம் வாங்கித் தந்த பார்ட் ஸ்டார், பயிற்சியாளராக ஒன்பது வருடம் பாடுபட்டும் ஒரே முறைதான் பிளேஆஃப் போக முடிந்தது. அந்தக் காலம் முழுவதும் ஊர் மைதானத்தில் டிக்கெட் விற்றுத் தீர்ந்துகொண்டே இருந்தது. 1960 முதல் அங்கே டிக்கெட் விற்காமல் நின்ற லீக் ஆட்டமே கிடையாது என்கிறார்கள். இந்த 24 வரிகளும் மகனின் கையெழுத்து. ஒரு வரியும் அவசரமாக எழுதியதில்லை.

1992-இல் அட்லாண்டாவிலிருந்து பிரெட் ஃபாவ்ர் வந்தார். 1996-இல் 13 வெற்றி, சூப்பர் பவுலில் நியூ இங்கிலாந்தை 35-21 என்று ஜெயித்தார்கள். அடுத்த வருடம் அதே சூப்பர் பவுலில் டென்வரிடம் தோல்வி.

நாங்கள் போயிருந்த 2010 வரியை அவர் என் கண் முன்னால் எழுதினார். டிசம்பரில் டெட்ராய்ட்டிடம் 7-3 என்று தோற்றபோது குவார்ட்டர்பேக் ஆரோன் ராட்ஜர்ஸுக்குத் தலையில் அடி. அடுத்த வாரம் அவர் இல்லாமல் நியூ இங்கிலாந்திடம் தோல்வி. கடைசி இரண்டு ஆட்டமும் ஜெயித்தே ஆகவேண்டும் என்ற நிலை, ஜெயித்தார்கள். 10 வெற்றி, 6 தோல்வி, தங்கள் பிரிவில் பிளேஆஃபுக்குப் போன ஆறு அணிகளில் ஆறாவது. அதனால் எல்லா ஆட்டமும் வெளியூரில். ஃபிலடெல்பியா 21-16, அட்லாண்டா 48-21, சிகாகோ 21-14. பிப்ரவரி 6-ஆம் தேதி பிட்ஸ்பர்க்கை 31-25. அன்று இரவு தெருவில் கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டே போயின. என் மனைவி வாசலில் வெங்காய பஜ்ஜி போட்டுக் கொடுத்தாள், வழியில் போனவர்கள் எல்லாரும் நின்று தின்றார்கள். மறுநாள் காலை பெரியவர் நோட்டோடு எங்கள் வீட்டு மேஜைக்கே வந்து அந்த வரியை முடித்தார். குறிப்புக் கட்டத்தில் பக்கத்து வீட்டுக்கு இந்தியாவிலிருந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள் என்றும் எழுதினார்.

அந்தப் பந்தையும் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். பழக்கத்தில் முதலில் முகர்ந்தேன், பிறகு கட்டைவிரலால் அழுத்தி இழுத்தேன். பன்றித்தோல் என்று செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள், ஆனால் மாட்டுத்தோல். சிகாகோவில் ஹார்வீன் என்ற டேனரியில் பதனிட்டு, மேலே சின்னச் சின்ன மேடு வரும்படி அழுத்தி, ஒஹாயோவில் ஏடா என்ற ஊரில் வில்சன் கம்பெனி ஆலையில் நான்கு துண்டாக வெட்டித் தைக்கிறார்கள். உள்பக்கம் வெளியே இருக்கும்படி தைத்து, ஆவி காட்டி இளக்கி, கையால் புரட்டி எடுப்பார்களாம். உண்ணி கடித்த தழும்பு இல்லை, கத்தி வெட்டு இல்லை. முதல் தரம். எங்கள் அணியின் பந்து பிரிந்தால் நாங்களும் இப்படித்தான், கம்பெனியில் கழிவுத் துண்டு கேட்டு வாங்கி, புரட்டிப் போட்டு, மெழுகு நூலால் தைத்துக்கொள்வோம்.

அப்போதுதான் பெரியவர் கேட்டார், உங்கள் அணியின் கணக்கு என்ன என்று.

எனக்கு முகங்கள் ஞாபகம் இருந்தன. பாலாற்று மணலில் சாயங்காலம் ஆடியது, குடியாத்தத்துக்கு லாரியில் நின்றுகொண்டே போனது, ஆம்பூர் அணியோடு பெனால்டி வரை போனது, வேலூர் கோட்டை மைதானத்தில் கூட்டம் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்தது, எல்லாம் ஞாபகம் இருந்தது. எத்தனை ஜெயித்தோம், எத்தனை தோற்றோம், எந்த வருடம் என்று ஒன்றும் சொல்ல முடியவில்லை. எங்களுக்கும் ஒரு நோட்டு இருந்தது. வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த எங்கள் செயலாளர் அண்ணன், சைக்கிள் கணக்கு எழுதும் நீள நோட்டின் பின்பக்கத்திலிருந்து எங்கள் ஆட்டக் கணக்கை எழுதி வந்தார். அவர் காலமான பிறகு கடையைக் காலி செய்தபோது, கிலோக் கணக்கில் பழைய பேப்பரோடு அதுவும் போய்விட்டது. வீட்டார் மேல் தப்பில்லை, முன்பக்கத்தில் இருந்தது வெறும் வாடகைக் கணக்குதான்.

அப்படியே பழைய வட ஆற்காடு மாவட்ட அணிகளின் கணக்கும் சிதறிக் கிடக்கிறது. 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஒவ்வொரு பிரிவிலும் மேஜை நாற்காலியைப் பங்கு போட்டார்கள். வாலிபால், கபடி, கால்பந்துக் கணக்கு எந்தப் பங்கில் போயிற்று என்று நான் விசாரித்த யாருக்கும் தெரியவில்லை. சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014-இலும் 2018-இலும் காமன்வெல்த் போட்டியில் பளுதூக்கித் தங்கம் வாங்கினார், அது உலகத்துக்குத் தெரியும். அவருக்கு முன்னால் வேலூரில் முப்பது நாற்பது வருடமாக இரும்பைத் தூக்கி, மாவட்டம், மாநிலம் வரை போனவர்கள் எத்தனை பேர்? அவர்கள் தூக்கிய எடை எவ்வளவு? அவர்களில் சிலர் இன்றும் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள். இன்னும் பத்து வருடம் போனால் கேட்கவும் ஆள் இருக்காது.

ஆகவே ஐயா, தங்களிடம் என் கோரிக்கை இதுதான். மாவட்டப் போட்டிச் செய்திகளில் தேதி, மைதானம், இரண்டு அணிகளின் பெயர், கோல் கணக்கு, போட்டவர் பெயர் இவற்றை முதலில் போடுங்கள். நான்கு வரி போதும். கோப்பை வழங்கியவர் பெயர் பிறகு வரட்டும், அவர்களும் மகிழட்டும். செய்தி கொண்டுவந்து தருகிறவர்களிடம் இந்த நான்கு விவரம் இல்லாமல் வாங்குவதில்லை என்று சொல்லிவிட்டால், அடுத்த போட்டியிலிருந்தே எழுதிக்கொண்டு வருவார்கள். ஒவ்வொரு மார்ச் மாதமும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டத்துக்கும் அந்த வருடத்தின் பட்டியலை ஒரு பக்கத்தில் போடுங்கள், கடைசி இடத்தில் வந்த அணியையும் சேர்த்து. ஒரே ஆட்டம் ஜெயித்த அணியின் பையன்தான் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொள்வான்.

பழைய கணக்குக்கு வாசகர்களைக் கேளுங்கள். நோட்டீஸ், அழைப்பிதழ், குரூப் போட்டோ, கோப்பையின் அடியில் பொறித்த எழுத்து என்று பல வீட்டுப் பரணில் இருக்கும். தங்கள் அலுவலகத்தில் பைண்டு செய்து வைத்திருக்கும் பழைய இதழ்களைப் புரட்ட ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். 36 வருடம் தோல் கட்டுகளைப் புரட்டிய கை, தூசு எனக்குப் பொருட்டில்லை. சம்பளம் வேண்டாம், ஜன்னல் பக்கமாக ஒரு நாற்காலி போதும்.

என்னிடம் இருப்பது ஒரே ஒரு போட்டோ. கோப்பையோடு வேலூரில் ஸ்டுடியோவுக்குப் போய் எடுத்தது. நடுவில் உட்கார்ந்திருப்பவர் மடியில் பந்து இருக்கிறது, அதன்மேல் ஆண்டைச் சுண்ணாம்பால் எழுதியிருக்கிறோம். 197 வரை தெரிகிறது, கடைசி எண்ணை அவருடைய கட்டைவிரல் மறைத்துவிட்டது. 1978 என்கிறேன் நான். உயிரோடிருக்கும் மற்ற இருவரும் 1979 என்கிறார்கள். பின்வரிசையில் இடமிருந்து நான்காவதாக நிற்கும், கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டிய பையனின் பெயர் எங்கள் மூவருக்குமே ஞாபகம் வரவில்லை. இறுதி ஆட்டத்தில் கோல் போட்டவன் அவன்தான். வருகிற திங்கட்கிழமை கண் பரிசோதனைக்கு வேலூர் வருகிறேன், அப்போது போட்டோவைத் தங்கள் அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போகிறேன். அதை வெளியிட்டால், அவனோ அவன் பிள்ளைகளோ பார்க்கக்கூடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோல் தரம் பிரிப்பவர்,
ராணிப்பேட்டை.